வாழைப்பூக் கறையும் கல்லுமக்காயும்

வாழைப்பூ ஆயத் தெரிந்தவர்கள் முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். மடலைப் பிரித்து, ஒவ்வொரு பூவிலும் விறைத்து நிற்கும் கள்ளனைக் கிள்ளி எறிந்து, நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போட்டுக்கொண்டே வருவார்கள். எண்ணெய் தடவ மறந்தால் விரல் கறுக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. மோரில் போட மறந்தால் பூ கறுக்கும். இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் அதன் அலகிலும் கருநீலமாக ஒரு பூச்சு படியும்.

இந்தக் கறையை நாம் தொல்லை என்றுதான் நினைக்கிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால் அது ஓர் அதிசயம். யாரும் பசை தடவவில்லை. தோல் ஈரமாகத்தான் இருந்தது. ஆனாலும் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாமல் ஒரு பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஈரமான உடம்பில் ஒட்டும் பசை எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் அறுவை மருத்துவரைக் கேட்டால், ஏறக்குறைய இதைத்தான் சொல்வார். இந்த அத்தியாயம் அந்தக் கறையின் வேதியியலைப் பற்றியது. அதில் கைதேர்ந்த உயிர் வாழைத்தோப்பில் இல்லை, கடலில் பாறையைப் பற்றிக்கொண்டு கிடக்கிறது.

சுரங்கத்துக்குள் ஒரு குடித்தனம்

கல்பாக்கம் அணுமின் நிலையம் நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சுகிறது. கடலடிக்குக் கீழே குடைந்த ஒரு சுரங்கத்தின் வழியாக அந்த நீர் கரைக்கு வருகிறது. ஓயாமல் ஓடும் நீர், அதோடு மிதந்துவரும் நுண்ணிய உணவு, பற்றிக்கொள்ளச் சுவர். பச்சைச் சிப்பிக்கு இதைவிட நல்ல வீடு அமையாது. கேரளத்தில் கல்லுமக்காய் என்று ஆசையாகச் சமைத்து உண்கிறார்களே, அதே சிப்பிதான். அறிவியல் பெயர் பெர்னா விரிடிஸ். கண்ணுக்குத் தெரியாத இளம்பருவத்தில் நீரோடு உள்ளே வந்து, சுவரைப் பற்றி வளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து, நீர்வழியையே குறுக்கிவிடும். இதைத் தடுக்க நீரில் குளோரின் கலக்கிறார்கள். சிப்பியோ குளோரினை உணர்ந்ததும் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் பொறுத்திருக்கும்.

பொறியாளர்களின் இந்தத் தலைவலியைத்தான் மருத்துவப் பொருளறிவியலாளர்கள் வரம் என்கிறார்கள்.

கண்ணாடித் தொட்டியில் ஒரு கல்லுமக்காயை விட்டுப் பார்த்தால் அது வேலை செய்வதை நேரிலேயே காணலாம். இரண்டு ஓடுகளுக்கும் நடுவிலிருந்து நாக்கு மாதிரி ஒன்று நீளும். அதுதான் பாதம். கண்ணாடியை அங்குமிங்கும் தடவிப் பார்க்கும். ஓர் இடம் பிடித்துவிட்டால் நுனியைப் பதித்து அசையாமல் இருக்கும். நுனியில் சிறு குழி. அதிலிருந்து பாதத்தின் நெடுகிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. குழி வட்டை வார்க்கும் அச்சு, பள்ளம் நாரை வார்க்கும் அச்சு. இரண்டிலும் திரவப் புரதங்கள் வந்து நிறைகின்றன. சில நிமிடங்களில் பாதம் மெல்ல விலகும். அது இருந்த இடத்தில் தலைமயிர் போன்ற ஒரு நாரும், அதன் முனையில் கண்ணாடியோடு ஒட்டிய இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகல வட்டும் இருக்கும். பிறகு பாதம் அடுத்த இடத்தைத் தேடும். இப்படிப் பல பத்து நார்கள் சேர்ந்த கற்றையைத்தான் சமைப்பவர்கள் ‘தாடி’ என்று பிடுங்கி எறிகிறார்கள். பிடுங்குவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது பிடுங்கியவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர் என்னும் மூன்றாம் ஆள்

நாம் கடையில் வாங்கும் பசைகளுக்கெல்லாம் பொது எதிரி தண்ணீர். இரண்டு பொருள்கள் ஒட்ட வேண்டுமானால் அவற்றின் மூலக்கூறுகள் நெருங்கித் தொட வேண்டும். ஈரமான பரப்பிலோ ஏற்கெனவே தண்ணீர் ஒரு படலமாகப் படிந்திருக்கிறது, அதில் உப்பு அயனிகளும் அடைந்து கிடக்கின்றன. பசை ஒட்டுவது அந்தத் தண்ணீரோடுதான், பொருளோடு அல்ல. நம் உடம்பின் உட்புறம் முழுக்க இப்படித்தான். போதாததற்கு இதயம் துடிக்கிறது, நுரையீரல் விரிகிறது, குடல் நெளிகிறது.

அறுவை மருத்துவத்துக்குப் பசையே கிடையாது என்றில்லை. ‘சூப்பர் குளூ’ என்று நாம் அறிந்த சயனோஅக்ரிலேட்டின் உறவுக்காரப் பசை ஒன்றுக்கு, தோல் வெட்டுகளை மூட 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலமாக ஒட்டும்; ஆனால் இறுகும்போது சூடாகும், இறுகியபின் விறைத்து நொறுங்கும், சிதையும்போது ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். அதனால் அதற்குத் தோலின் மேற்புறத்தோடு சரி. இரத்தம் உறையும் முறையைப் பின்பற்றிச் செய்த ஃபைப்ரின் பசை உடம்புக்கு இணக்கமானது, பிடிப்புதான் போதாது. பலம் வேண்டுமா, இணக்கம் வேண்டுமா என்ற இழுபறியில் ஊசியும் நூலும் இன்றுவரை தம் இடத்தை விடவில்லை.

கல்லுமக்காய் இந்தச் சிக்கலை எப்படிக் கடந்தது என்பதற்கு முதல் திறவுகோல் 1981இல் கிடைத்தது. ஹெர்பர்ட் வெய்ட்டும் மார்வின் டான்சரும் நீலச் சிப்பியின் பசைப் புரதத்தைப் பிரித்தெடுத்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்தப் புரதத்தில் டோப்பா என்ற அமினோ அமிலம் நிறைந்திருந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் மாத்திரையாக விழுங்குகிறார்களே, அதே டோப்பா. பின்னாளில் கண்டறிந்த பாதப் புரதம் ஒன்றில், நூறு கண்ணிகளில் முப்பதை நெருங்கும் அளவுக்கு டோப்பா இருக்கிறது.

டோப்பாவின் முனையில் ஓர் அறுகோண வளையம். அதன் அடுத்தடுத்த இரண்டு மூலைகளில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இரண்டு கைகள். இந்த அமைப்புக்குக் கேட்டெகால் என்று பெயர். இரண்டு கையாலும் ஒரே இடத்தைப் பற்றுவதால் பிடி நழுவாது. 2006இல் ஹேஷின் லீ, பிலிப் மெஸ்ஸர்ஸ்மித் ஆகியோரின் குழு ஒற்றை டோப்பா மூலக்கூற்றை டைட்டானியத்தில் ஒட்டவைத்து இழுத்துப் பார்த்தது. ஈரத்திலேயே நடந்த இழுபறி அது. ஒரு மூலக்கூறுக்கு அப்படிப்பட்ட பிடியை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே நேரம், பிரிந்தபின் மறுபடி ஒட்டவும் அதனால் முடிந்தது.

தண்ணீரை விலக்குவது யார் என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. சிப்பியின் புரதத்தில் டோப்பாவுக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் லைசின் என்ற அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. லைசினுக்கு நேர்மின்னேற்றம். 2015இல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகள் இந்த ஜோடியின் வேலைப் பங்கீட்டைக் காட்டின. பரப்பில் அடைந்து கிடக்கும் உப்பு அயனிகளை லைசின் முட்டித் தள்ளும்; காலியான இடத்தில் டோப்பா அமரும். கூட்டமான பேருந்தில் ஒருவர் இடித்து வழிசெய்ய, பின்னால் வந்தவர் இருக்கையைப் பிடிப்பது போல. இந்த லைசினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வேறொரு வேடத்தில் வரும்.

மோர்ப் பாத்திரம்

மறுபடி வாழைக்கு வருவோம். வாழைப்பழத் தோல் கறுப்பதில் பெரும் பங்கு டோபமைனுக்கு உண்டு. அதுவும் டோப்பாவின் உடன்பிறப்பு. அதே கேட்டெகால் வளையம் கொண்டது. நறுக்கியதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, கேட்டெகால் தன் ஹைட்ரஜன்களை இழந்து குயினோன் ஆகிறது. குயினோன் சும்மா இருக்காது. பக்கத்திலுள்ள புரதத்தைப் பிடிக்கும், தன் இனத்தையே பிடிக்கும், சங்கிலி சங்கிலியாகப் பின்னிக்கொண்டு பழுப்பாகிக் கறுப்பாகும். விரலில் படிவதும் இப்படிப்பட்ட பின்னல்தான். மோரின் புளிப்பு இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. அலகில் படிவது வேறு: இத்தகைய மூலக்கூறுகள் இரும்பைச் சுற்றி வளைத்துக்கொள்வதால் வரும் கருமை.

கல்லுமக்காய் இந்த மூன்றையும் அறிந்து ஆள்கிறது. கேட்டெகாலாக இருக்கும்வரை டோப்பா பாறையை நன்றாகப் பற்றும். குயினோன் ஆகிவிட்டால் பாறை மீதான பிடி தளரும். ஆனால் பசைக்குள்ளே பின்னல் விழுந்து அது கெட்டிப்படும். இரண்டும் வேண்டும், முதலில் இது, பிறகு அது. கடல்நீரோ சற்றே காரமானது, ஆக்சிஜன் கரைந்தது. அதில் டோப்பா விரைவில் கெட்டுவிடும். எனவே பாதத்தின் அடியில் சிப்பி மோரைவிடப் புளிப்பான ஓர் அமிலச் சூழலை உண்டாக்குகிறது. பசை அங்கே வார்க்கப்படுகிறது. கூடவே கந்தகம் மிகுந்த ஒரு புரதத்தையும் அனுப்புகிறது. தவறிப்போய்க் குயினோன் ஆன டோப்பாவைப் பழைய நிலைக்கு மீட்பது அதன் வேலை. எல்லாம் அமைந்தபின் பாதம் விலகுகிறது, கடல்நீர் உள்ளே வருகிறது, பசை இறுகுகிறது. நாரின் மேலுறையிலோ மூன்று டோப்பாக்கள் ஓர் இரும்பு அயனியைச் சூழ்ந்து பிடித்து, அலை தேய்த்தாலும் உரியாத மேல்தோலாக நிற்கின்றன.

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலி மிசெரெஸ் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு நம் பச்சைச் சிப்பியைப் பற்றியதே. புரதங்கள் ஒரேயடியாகக் கொட்டப்படுவதில்லை; முறை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுரக்கின்றன என்று அது காட்டியது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுமுன் அடிப்பூச்சு பூசுவது போல, பரப்பைத் தயார்செய்யும் புரதம் முதலில் வருகிறது.

இந்தப் பசையைச் சிப்பியிடமிருந்தே எடுக்கலாமே என்று தொடக்கத்தில் முயன்றார்கள். ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 10,000 சிப்பிகள் தேவைப்பட்டன. அதனால் வழி இரண்டாகப் பிரிந்தது. தென்கொரியாவின் போஸ்டெக் பல்கலைக்கழகத்தில் ஹியுங் ஜூன் சா குழு, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் சிப்பியின் மரபணுவைச் செலுத்தி அதனிடமே புரதத்தைச் செய்யச் சொன்னது. வேதியியலாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: முழுப் புரதம் எதற்கு, கேட்டெகால் கை மட்டும் போதுமே. ஜெலட்டின், கடற்பாசியின் ஆல்ஜினேட், நண்டு இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான் என்று உடம்புக்கு ஒத்துப்போகும் பாலிமர்களில் அந்தக் கையைப் பூட்டினார்கள். 2007இல் லீயும் மெஸ்ஸர்ஸ்மித்தும் இன்னும் எளிமையாக்கினார்கள். லேசாகக் காரமாக்கிய நீரில் டோபமைனைக் கரைத்து, அதில் எந்தப் பொருளை முக்கினாலும் அதன்மேல் மெல்லிய பழுப்புப் படலம் படிகிறது. உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக், எதிலும் எளிதில் ஒட்டாத டெஃப்லான்கூடத் தப்பவில்லை. வேதியியலின் பாஷையில் பாலிடோபமைன். வீட்டுப் பாஷையில் கறை.

ஒரு நூலின் விலை

எதிலும் ஒட்டும் பொருளுக்கு ஒரு குறை உண்டு. அதன்மேலும் எதுவும் ஒட்டும். கிருமியும்தான்.

இது ஏன் பெரிய விஷயம் என்பதை எலக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் 1957இலேயே காட்டிவிட்டார்கள். தன்னார்வலர்களின் தோலுக்குள் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்திச் சீழ் பிடிக்க எத்தனை வேண்டும் என்று எண்ணினார்கள். வெறும் தோலில் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஒரே ஒரு பட்டுத் தையல் நூல் அங்கே இருந்தால் சில நூறு போதும். நூல் கிருமிக்கு உணவல்ல. பற்றிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். கல்பாக்கத்துச் சுரங்கச் சுவர் சிப்பிக்கு என்னவோ, தையல் நூல் கிருமிக்கு அது.

கிருமியும் ஒரு பசைக்காரன். பரப்பில் ஒட்டியதும் சர்க்கரைப் பொருள்களும் புரதமும் கலந்த வழுவழுப்பைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியேறிவிடும். ஆற்றுக் கூழாங்கல்லின் வழுக்கலும், காலையில் பல்லில் படிந்திருக்கும் படலமும் அதுதான். அந்தக் கோட்டைக்குள் மருந்தும் வெள்ளணுவும் எளிதில் போகமுடியாது. சிறுநீர்க் குழாய், செயற்கை மூட்டு, இதய வால்வு என்று உடம்புக்குள் வைக்கும் ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது என்று 1987இல் அந்தோணி கிரிஸ்டினா எழுதினார். நம் செல் முந்திக்கொண்டு பரப்பைப் பிடித்தால் பொருள் உடம்போடு சேரும். கிருமி முந்தினால் அதைக் கழற்றி எறிய வேண்டிவரும். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாக நிகழ்ந்த மரணங்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒட்டியபின் மருந்து கொடுத்துக்கொள்ளலாம் என்ற தெம்பு இனி இல்லை. காயத்தை மூடும் பசையே காவலும் காக்க வேண்டும்.

கறையே காவல்

பசையில் ஓர் ஆன்டிபயாடிக்கைக் கலந்துவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றும் வழி. அப்படிச் செய்தவர்களும் உண்டு. மருந்து வடிந்து தீர்ந்தபின் வெறும் பசை மிஞ்சும். வடியும் கடைசித் துளிகளில் கிருமி பழகித் தேறவும் கூடும். சுவாரசியமான வழி வேறு. ஒட்டும் அதே வேதியியல் கிருமியையும் கொல்லுமா என்று பார்ப்பது.

கேட்டெகால் குயினோன் ஆகும்போது அது இழந்ததை ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய ஆக்சிஜன் என்ன ஆகிறது? ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிறது. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதே மருந்துக்கடைச் சரக்கு. நம் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கியதும் தமக்குள்ளே தயாரிக்கும் ஆயுதங்களிலும் அது ஒன்று. பசை இறுகும் ஒவ்வொரு படியிலும் துளித்துளியாகப் பெராக்சைடு பிறக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லீயின் குழு இதையே பிடித்துக்கொண்டது. கேட்டெகால் பூட்டிய நுண்ணிய ஜெல் மணிகளைச் செய்தார்கள். உலர்ந்த நிலையில் பேசாமல் இருக்கும். உடம்பின் காரத்தன்மை உள்ள நீரில் போட்டதும் பெராக்சைடு தரத் தொடங்கும். பிறகு அமிலத்தில் நனைத்தால் பழைய நிலைக்குத் திரும்பி மறுமுறைக்குத் தயாராகும். மறுபடியும் மோர்ப் பாத்திரம்.

இரண்டாவது வழி வெள்ளி. வெள்ளி அயனி கிருமிக்கு நஞ்சு என்பது பழைய செய்தி. அதைப் பசையில் நிலைநிறுத்துவதே கடினம். 2012இல் மெஸ்ஸர்ஸ்மித் குழு ஒரு கேட்டெகால் பாலிமரோடு வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தது. கேட்டெகாலிடமிருந்து எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டது வெள்ளி. பாலிமர் பின்னி ஜெல்லாக இறுகியது. எலெக்ட்ரான் வாங்கிய வெள்ளி நுண்துகள்களாக அதே ஜெல்லுக்குள் சிக்கிக்கொண்டது. அங்கிருந்து வெள்ளி மெல்லக் கசிந்து பாக்டீரியாவைத் தடுத்தது. இறுக்கவந்த ஆளே காவல்காரனாகத் தங்கிவிட்டான்.

மூன்றாவது வழியில் நம் லைசின் திரும்பி வருகிறது. பாக்டீரியாவின் வெளிப்புறம் எதிர்மின்னேற்றம் மிகுந்தது. நம் செல்களின் வெளிப்புறச் சவ்வு பெரும்பாலும் நடுநிலையானது. அதனால் நேர்மின்னேற்றம் அடர்ந்த ஒரு பாலிமர் பாக்டீரியாவைத் தேடிப்போய் ஒட்டி, அதன் சவ்வைக் கிழிக்கும். லைசின்களை மட்டுமே கோத்த பாலிலைசின் என்ற பொருள் இப்படித்தான் கொல்கிறது. ஜப்பானில் அதை உணவு கெடாமல் காக்கவே சேர்க்கிறார்கள். கைட்டோசானின் அமினோ கைகளும் இந்த வகைதான், கொஞ்சம் அமிலத்தன்மை இருந்தால் வீரியம் கூடும். இவற்றில் கேட்டெகாலைப் பூட்டினால் பாறையிலிருந்து உப்பைத் தள்ளிய அதே நேர்மின்னேற்றம் இங்கே கிருமியின் தோலைப் பிளக்கிறது. சிப்பி ஒட்டுவதற்காகச் சேர்த்த துணை, மருத்துவத்தில் கொல்லும் துணையாகிறது.

எவ்வளவு, எப்போது

இத்தனை இருந்தும் மருத்துவமனை அலமாரியில் இந்தப் பசைகள் ஏன் நிறைந்துவிடவில்லை? பெராக்சைடுக்குக் கண் கிடையாது. அளவு மீறினால் காயத்தை ஆற்றவரும் நம் செல்களையும் சுடும். குறைந்தால் ஸ்டஃபிலோகாக்கஸ் தன்னிடமுள்ள கேட்டலேஸ் நொதியால் அதை நுரையாக்கி ஊதிவிடும். கடைச் சரக்கைவிட மிக நீர்த்த அளவில், மணிக்கணக்காகச் சுரக்கவைப்பதில்தான் சூட்சுமம். வெள்ளியிலும் இதே கணக்கு. இன்னொன்று, கேட்டெகால் முழுக்கக் குயினோன் ஆகிவிட்டால் பசை திசுவின் மேற்பரப்பைப் பற்றும் திறன் குறையும். கிருமியைக் கொல்லும் அதே வினை, ஒட்டும் கையைச் செலவழித்துக்கொண்டே போகிறது. மேலும் ஜெல் உடம்பில் நீரை உறிஞ்சி உப்பினால் பக்கத்து நரம்பை அழுத்தும். கிருமிநீக்கக் கதிர்வீச்சிலும், மாதக்கணக்கில் கிடங்கில் இருக்கும்போதும் கேட்டெகால் கெடாமல் இருக்க வேண்டும்.

இவற்றுள் சிலவற்றை அழகாகத் தாண்டிய ஒரு சிறு பொருள் உண்டு. ஹேஷின் லீயின் கொரியக் குழு 2017இல் விவரித்த ஊசி அது. கைட்டோசானில் கேட்டெகாலைப் பூட்டி, ஊசியின்மேல் மெல்லிய உலர்ந்த படலமாகப் பூசினார்கள். உலர்ந்திருக்கும்வரை அது உறுதியான பூச்சு. நாளத்துக்குள் போய் இரத்தத்தில் நனைந்ததும் ஜெல்லாக மாறும். ஊசியை உருவும்போது பூச்சு மட்டும் துளையில் தங்கி அடைத்துவிடும். இரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயுள்ள எலிகளில்கூட ஊசித்துளையிலிருந்து கசிவு இல்லை. நண்டு ஓட்டின் பாலிமரும் கல்லுமக்காயின் கையும் சேர்ந்த கூட்டு. எப்போது பசையாக வேண்டும் என்பதை இங்கே நனைதல் தீர்மானிக்கிறது, மருத்துவர் அல்ல.

ஒட்டுவது, இறுகுவது, கொல்வது என்ற மூன்றையும் நாம் மூன்று குணங்களாக எண்ணி மூன்று மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தோம். சிப்பியின் பசையில் அவை ஒரே வினையின் முன்னும் நடுவும் பின்னும். இன்றைய ஆய்வகங்களில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி, புதிய மூலக்கூறைத் தேடுவதைவிட அந்த வினையை எங்கே நிறுத்திவைப்பது, எப்போது அவிழ்த்துவிடுவது என்பதிலேயே இருக்கிறது. காற்றுப் படாத உறை, சற்றே புளிப்பான கரைசல், உலர்ந்த படலம் எல்லாம் அதற்காகத்தான். நறுக்கிய வாழைப்பூவை மோரில் போட்டுவைத்து, தாளிதம் தயாரானபின் பிழிந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கில் பாதி ஏற்கெனவே தெரியும்.